மூழ்கிப்போன மோதிரம்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு நகைக்கடை. முதல் போனஸ் கிடைத்த சந்தோஷத்தில் இருந்த என் தங்கை, அங்கே ஒரு பழைய மாணிக்க மோதிரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பக்கம் மூடிய, அந்தக் காலத்துக் கட்டு. யாரோ பல வருடம் போட்டுப் போட்டுத் தங்கம் மெலிந்திருந்தது. கல் மட்டும் அப்படியே இருந்தது. மோஸ் அளவில் மாணிக்கத்தின் கடினம் 9 ஆயிற்றே!

“எனக்கே எனக்குன்னு ஒன்னு வாங்கிக்கிட்டா தப்பாண்ணே?” என்று கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா, “வேணாம்டி. யார் வீட்டுக் கண்ணீரோ!” என்றார்.

கல்லோடு தோஷம் ஒட்டிக்கொண்டு வரும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அம்மாவின் பேச்சைத் தள்ள முடியவில்லை. நம் நாட்டில் அடகுத் தவணை 6 மாதம். அதற்குள் மீட்காவிட்டால் நகை மூழ்கிப்போகும். என் படிப்புக்காக அம்மாவின் சங்கிலி அப்படித்தான் போனது. இந்த மோதிரம் எப்படி வந்ததோ, கடைக்காரருக்கே தெரியவில்லை.

அதற்காக வாங்குவது பாவமா? நாம் வாங்காமல் விட்டால் அது பழைய சொந்தக்காரரிடம் திரும்பப் போவதில்லை. உழைத்த காசில் ஆசைப்பட்டதை வாங்குவதை நம் சமயம் இல்லறத்தாருக்குத் தடுக்கவும் இல்லை. பதஞ்சலி சொன்ன 5 யமங்களில் ஒன்று அபரிக்கிரகம். தேவைக்கு மேல் பொருளைப் பற்றிக்கொள்ளாமல் இருப்பது. பாகவதத்தில் கண்ணன் ஜாம்பவானோடு பல நாள் போராடி சியமந்தக மணியை மீட்டார். மீட்ட மணியை சத்ராஜித்திடமே திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு பாடுபட்டும் அதைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளவில்லை.

ஆசையைப் பிடியில் வைத்திருக்கிறோமா, அதன் பிடியில் இருக்கிறோமா? இதை அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. தங்கையிடம், “காசு இருக்கா, கார்டா?” என்றேன். பாதிதான் இருந்தது, மீதி கார்டு.

“அப்ப இதுவும் ஒருநாள் அடகுக்குப் போகும்மா. இதை விட்டவங்களும் ஆசைப்பட்டுத்தானே வாங்கியிருப்பாங்க?”

அவளுக்குக் கோபம். வழி நெடுக என்னோடு பேசவில்லை. ஆனால் கார்டை எடுக்கவில்லை.

நான்கு மாதம் சேர்த்தாள். திரும்பப் போனபோது மோதிரம் அங்கேயே இருந்தது. முழுக் காசும் கொடுத்து வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை மஞ்சள் நீரில் கழுவி, அம்மன் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டு, அவள் விரலில் போட்டுவிட்டார்.

“முன்னே போட்டிருந்தவங்களும் நல்லா இருக்கட்டும்,” என்றார்.