பிரியும் விசைப்பலகையும் பகிர்தலின் அறமும்

ஒரு பொருளைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது அவர்கள் உண்மையில் எதைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. நிலத்தை எல்லைக்கல் நட்டுப் பிரிக்கலாம், நெல்லை மரக்கால் கொண்டு அளந்து பிரிக்கலாம். பிரித்த பின்னும் நிலம் நிலமாகவும் நெல் நெல்லாகவும் இருக்கும். கருவியின் இயல்பு வேறு. அதைக் கூறுபோட்டால் பெரும்பாலும் கருவியே அழிந்துபோகிறது. ஆகவே கருவியைப் பகிர மனிதர் பொதுவாக இரண்டு வழிகளையே கண்டனர்: ஒருவர்பின் ஒருவராக முறைவைத்துப் பயன்படுத்துவது, ஒருவர் பயன்படுத்த மற்றவர் பார்த்திருப்பது. கணினியின் விசைப்பலகையைத் தனித்தனிப் பகுதிகளாகக் கழற்றி, ஒரே திரையின் முன் அமர்ந்திருக்கும் இருவர் அல்லது மூவரிடம் ஆளுக்கொரு பகுதியாகக் கொடுக்கும் வடிவமைப்பு இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது வழியொன்றை முன்வைக்கிறது. பொறியியல் சிக்கலாகத் தோன்றும் இதனுள், முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள உறவு என்ன, நீதியான பங்கு எது, செயல் யாருக்கு உரியது என்னும் மூன்று தத்துவ வினாக்கள் அடங்கியுள்ளன.

விசைப்பலகையைப் பிரிக்கும் எண்ணம் புதியதன்று. ஆனால் இதுவரை அது பெரும்பாலும் ஒரே மனிதரின் இரு கைகளுக்காகவே பிரிக்கப்பட்டது. 1972இல் கார்ல் குரோமர் என்னும் மனிதப்பொறியியல் ஆய்வாளர், அதாவது கருவிகளை மனித உடலின் அமைப்புக்குப் பொருந்தச் செய்யும் துறையைச் சேர்ந்தவர், நேர்வரிசை விசைப்பலகை மணிக்கட்டுகளை இயல்புக்கு மாறாக வளைக்கிறது என்பதை எடுத்துக்காட்டி, இரு பாதிகளாகப் பிரிந்து சாய்ந்த அமைப்பை முன்மொழிந்தார். 1990களின் நடுவில் ஐபிஎம் நிறுவனம் இரண்டு பாதிகளாகவே கழற்றி வைக்கத்தக்க பலகையொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரியாத பலகைக்குள்ளும் பகுதிகள் உண்டு. 1985இல் அதே நிறுவனம் வெளியிட்டதும், பின்னர் உலகெங்கும் முன்மாதிரியாக ஏற்கப்பட்டதுமான 101 விசைப் பலகையில் எழுத்துகளுக்கு ஒரு பகுதி, மேல்வரிசையில் செயல்விசைகள், அம்புக்குறிகளுக்கு ஒரு பகுதி, வலக்கோடியில் எண்களுக்கு ஒரு பகுதி என்று இடைவெளி விட்டே அமைத்திருந்தார்கள்.

இப்பகுதிகளைக் கூர்ந்து நோக்கினால் அவை ஒரே தன்மையுடையவை அல்ல என்பது தெரியும். எண்பகுதி தன்னளவில் நிறைவுடையது. அதைத் தனியே கழற்றிக் கணக்கரிடம் கொடுத்தாலும் அவருடைய வேலை நடக்கும். எழுத்துப்பகுதியின் இடப்பாதி அவ்வாறு நிறைவுடையதன்று. பாதி நெடுங்கணக்கைக் கொண்டு எந்த மொழியையும் எழுத இயலாது. முன்னதைத் தன்னிறைவுப் பகுதி என்றும் பின்னதைச் சார்புப் பகுதி என்றும் அழைக்கலாம். 2017இல் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியின் கைப்பிடி இரண்டாகக் கழன்று, ஒவ்வொரு பாதியும் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் ஒரு முழுக் கைப்பிடியாகி, இருவர் எதிரெதிரே ஆட உதவுகிறது. அது தன்னிறைவு வழியில் நிகழும் பகிர்வு. எழுத்துப் பலகையைப் பிரிப்பவர்களுக்கு அவ்வழி எளிதில் கிட்டுவதில்லை என்பதாலேயே அவர்களுடைய சிக்கல் ஆழமானதாகிறது.

பகுதிகளைத் தவிர முழுமை என்று ஒன்று உண்டா என்னும் வினாவை இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் விவாதித்தன. மிலிந்தபஞ்ஹா என்னும் பௌத்த நூலில் நாகசேனர் என்னும் துறவி மிலிந்த மன்னனிடம், அச்சு தேராகாது, சக்கரம் தேராகாது, நுகமும் தேராகாது, இவற்றுக்கு வெளியேயும் தேர் என்று ஒன்று இல்லை, இவை கூடியிருக்கும் நிலைக்கு வழங்கும் பெயரே தேர் என்று விளக்குகிறார். நியாய மரபினர் இதை மறுத்தனர். உறுப்புகளில் உறைந்திருந்தும் அவற்றின் வேறான முழுப்பொருள் ஒன்று உண்டு என்றும், அதற்கு அவயவி என்று பெயர் என்றும் அவர்கள் வாதிட்டனர். நியாய சூத்திரம் அதற்குக் காட்டும் காரணங்களுள் ஒன்று மிக எளியது: ஒரு பொருளின் ஒரு பகுதியைப் பற்றி இழுத்தால் முழுப்பொருளும் உடன் வருகிறது; வெறும் குவியலாக இருந்தால் கையில் பட்டது மட்டுமே வரும். வைசேடிகம் உள்ளிட்ட இத்தகைய கொள்கைகள் மணிமேகலையின் சமயக்கணக்கர் வாதங்களில் இடம்பெற்றிருப்பதால் இவ்வாதத்தின் சூழல் தமிழ் வாசகருக்கும் அந்நியமானதன்று.

பிரியும் விசைப்பலகையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் வியப்பான விடை கிடைக்கிறது. ஒரு பகுதியை இழுத்தால் மற்றது உடன் வருவதில்லை. ஆகவே பிளாஸ்டிக்கும் உலோகமுமான பொருள் என்ற அளவில் அது முழுமையை இழந்துவிட்டது. ஆயினும் மேசையின் இரு முனைகளில் இருக்கும் இரு பகுதிகளும் ஒரே சொல்லை எழுதும்போது அவற்றிடையே ஒருமை மீண்டும் தோன்றுகிறது. பிரியாத பலகையில், விசைகளுக்கு அடியில் கிடையும் நெடுக்குமாக ஓடும் மின்தடங்களைச் சிறு சில்லு ஒன்று இடைவிடாமல் வருடி, எந்த இடத்தில் இணைப்பு ஏற்பட்டது என்பதை அறிந்து, அதற்குரிய எண்ணைக் கணினிக்கு அனுப்புகிறது. பலகை பிரியும்போது ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சில்லு வேண்டும், அல்லது பகுதிகளை இணைக்கும் கம்பி வேண்டும். எவ்வாறாயினும் ஒருமை இருக்கும் இடம் பலகையிலிருந்து நீங்கி, பகுதிகளைக் கையில் வைத்திருப்பவர்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு இடம்பெயர்கிறது. பௌத்தரும் நியாய மரபினரும் முழுமையைப் பொருளில் தேடினர். பகிரப்படும் கருவியின் முழுமை அதைப் பயன்படுத்துவோரின் பொதுநோக்கத்தில் நிலைகொள்கிறது என்பதே இங்கு எட்டத்தக்க முடிவு.

அடுத்தது நீதி பற்றிய வினா. சிறந்த குழல் சிறப்பாக ஊதுபவனுக்கே உரியது என்று அரிஸ்டாட்டில் தமது அரசியல் நூலில் கூறினார். அமர்த்தியா சென் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஒரு குழலுக்கு மூன்று குழந்தைகள் உரிமை கோருவதைக் காட்டுகிறார்: ஒருத்திக்கு ஊதத் தெரியும், ஒருவனுக்கு வேறு விளையாட்டுப் பொருளே இல்லை, மற்றொருத்தி அதைத் தன் உழைப்பால் செய்தவள். மூவரின் கோரிக்கைக்கும் வலுவான நியாயம் இருப்பதால் எல்லாருக்கும் பொருந்தும் ஒற்றைத் தீர்ப்பு எளிதன்று என்பது சென்னின் கருத்து. இவ்விரு எடுத்துக்காட்டுகளிலும் மறைந்திருக்கும் முற்கோள் ஒன்று உண்டு: குழல் ஒருவர் கைக்கே செல்ல முடியும். வடிவமைப்பாளர் தொடும் இடம் இந்த முற்கோளே. கருவியின் வடிவத்தை மாற்ற முடியுமானால் யாருக்குக் கொடுப்பது என்னும் வினா பின்னுக்குப் போய், எல்லாருடைய கையும் படும்படி அதை எவ்வாறு ஆக்குவது என்னும் வினா முன்னால் வருகிறது.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு இந்திய வகுப்பறைகளே சான்று. கணினி குறைவாகவும் பிள்ளைகள் மிகுதியாகவும் உள்ள பள்ளிகளில் ஒரு திரையைச் சுற்றிப் பலர் நெருங்கி நிற்பர். சுட்டி எனப்படும் மவுஸ் ஒரு பிள்ளையின் கையிலேயே இருக்கும். மற்றவர்கள் பார்வையாளராகவே வகுப்பை முடித்துச் செல்வர். பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டோயாமா முதலியோர் 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரே கணினியில் பல சுட்டிகளை இணைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நிறத்தில் திரைக்குறி அமைத்துக் கொடுத்தனர். கிராமப்புறப் பள்ளிகளின் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் பயிற்சியில் அவர்கள் கண்டது கருதத்தக்கது. யார் முதலில் சொடுக்கினாலும் ஆட்டம் அடுத்த கட்டத்துக்கு நகரும் போட்டிமுறையில் சிறுவர்களின் கற்றல் குறைந்தது. போட்டியைத் தவிர்த்துக் கூடிச் செயல்படத் தூண்டிய முறையிலோ பிள்ளைகள் தனிக்கணினியில் கற்றவர்களுக்கு நிகராகச் சொற்களை நினைவில் கொண்டனர். கருவியை எண்ணிக்கையில் பெருக்குவது மட்டும் நீதியாகிவிடாது என்பதும், ஒருவரின் பங்கு இல்லாமல் மற்றவர் முன்செல்ல இயலாத ஒழுங்கே பகிர்தலுக்கு உயிர் கொடுக்கிறது என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

சார்புப் பகுதிகளின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் பன்னிரண்டு உயிரெழுத்துகளும் ஆய்தமும் இடப்பக்கத்தில் உள்ளன. வ, ங ஆகிய இரண்டைத் தவிர மெய்கள் யாவும் வலப்பக்கத்தில் உள்ளன. இப்பலகையை நடுவில் பிரித்து இரு பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு பிள்ளையிடம் உயிரும் மற்றொரு பிள்ளையிடம் மெய்யும் சேரும். அம்மா என்று எழுத வேண்டுமானால் இடப்பிள்ளை அகரத்தை அழுத்த வேண்டும். வலப்பிள்ளை மகரத்தை இருமுறை அழுத்த, முதல் மகரத்தின்மேல் புள்ளி தானாக அமையும். பின்னர் இடப்பிள்ளை ஆகாரத்தை அழுத்தச் சொல் நிறைவுறும். நான்கு அழுத்தங்களில் ஆளுக்கு இரண்டு. உயிரும் மெய்யும் கூடியே உயிர்மெய் பிறக்கும் என்று இலக்கணம் சொல்வதை அப்பிள்ளைகள் தம் விரல்களாலேயே அறிந்துகொள்வர். ஆயினும் இந்தச் சார்பு சமமானதன்று. உயிர் தனித்தும் ஒலிக்கும் என்பதால் இடப்பிள்ளை ஆ, ஈ முதலிய ஓரெழுத்து ஒருமொழிகளைத் துணையின்றி எழுதலாம். வலப்பிள்ளையோ மரம் என்னும் சொல்லின் ஈற்றில் புள்ளி வைக்கவும் இடப்பக்கத்து ஆய்த விசையை எதிர்நோக்க வேண்டும். ஆகவே இருவரும் அவ்வப்போது பாதிகளை மாற்றிக்கொள்வது அறத்தின் பாற்பட்டதாகும். நிரந்தரமாக ஒருவர் உயிரையும் ஒருவர் மெய்யையும் வைத்துக்கொண்டால் சார்பு ஆதிக்கமாகத் திரியும்.

மூன்றாவது வினா செயலுக்கு உரியவர் யார் என்பது. பௌத்தம், சமணம், சைவம், வைணவம் ஆகிய சமயங்கள் கடவுளைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் வேறுபட்டாலும், வினையின் பயன் அதைச் செய்தவரைச் சேரும் என்பதில் பெரிதும் உடன்படுகின்றன. செய்தவர் யார் என்று தெரியாத இடத்தில் பாராட்டும் இல்லை, திருத்தமும் இல்லை. இன்றைய கணினியின் வழக்கமான ஏற்பாடு இந்த இடத்தில் குறையுடையது. யூஎஸ்பி என்னும் இணைப்பு முறையில் விசைப்பலகை அனுப்பும் அடிப்படைச் செய்தி எட்டு பைட் நீளமுடையது: முதல் பைட்டில் ஷிஃப்ட் போன்ற துணைவிசைகளின் நிலை, அடுத்தது ஒதுக்கப்பட்ட வெற்றிடம், எஞ்சிய ஆறில் அழுத்தப்பட்ட விசைகளின் எண்கள். எந்த விசை என்பதற்கு அதில் இடம் உண்டு. எவருடைய விரல் என்பதற்கு இடம் இல்லை. ஒரு கணினியில் இரண்டு பலகைகளை இணைத்தாலும் விண்டோஸ் போன்ற இயங்குதளம், அதாவது கணினியின் அடிப்படை ஆட்சிமென்பொருள், அவற்றை இயல்பாக ஒரே ஓடையாகக் கலந்துவிடுகிறது. ஒருவர் தம் பலகையில் ஷிஃப்டை அழுத்தியிருந்தால் மற்றவர் பலகையில் தட்டும் எழுத்தும் மாறிவிடும். ஒருவரின் செயல் மற்றவரின் செயலைக் கேளாமலே திரிக்கும் இந்நிலையில் கூட்டுழைப்பு இல்லை, கலப்பு மட்டுமே உண்டு. இதைத் தீர்ப்பது இயலாததன்று. லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ் சாளர அமைப்பில் பீட்டர் ஹுட்டரர் உருவாக்கி 2009இல் இணைக்கப்பட்ட ஏற்பாடு, ஒவ்வொரு பலகைக்கும் சுட்டிக்கும் தனித்தனி அடையாளமும் திரையில் தனித்தனிக் குறியும் வழங்கியது. பகிர்தலுக்குரிய அறத்தின் பெரும்பகுதி மென்பொருளில்தான் எழுதப்பட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

பகிர்தலைப் போற்றுவது வறுமையை அழகுபடுத்துவதாகாதா என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்புக்கு வலு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணினி என்னும் குறிக்கோளை நிக்கோலஸ் நெக்ரோபாண்டி 2005இல் உலகுக்கு அறிவித்தார். 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தனக்கென ஒரு கருவி உடைய பிள்ளை தன் வேகத்தில் கற்கிறது, தன் தவறுகளைத் தனிமையில் திருத்திக்கொள்கிறது; இவ்வுரிமையை எந்தத் தத்துவமும் பறிக்கக் கூடாது. ஆனால் தனிக்கருவி தரும் நன்மையும் கூட்டுக்கருவி தரும் நன்மையும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. கொடுப்பதால் குறையாத பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்பவன் அதை உரிய முறையில் உடையவனாகான் என்னும் கருத்தைப் புனித அகஸ்தீன் கிறித்தவக் கோட்பாடு பற்றிய தம் நூலில் வலியுறுத்தினார். எழுத்து அத்தகைய பொருள். இருவர் சேர்ந்து எழுதிய சொல் ஒவ்வொருவருக்கும் பாதியாகக் கிடைப்பதில்லை, இருவருக்கும் முழுமையாகவே கிடைக்கிறது. இல்லாமையால் பகிர்வது வேறு, சேர்ந்து ஆக்குவதற்காகப் பகிர்வது வேறு. முன்னது நீங்க வேண்டியது, பின்னது செல்வம் பெருகிய பின்னும் நிலைக்க வேண்டியது.

இவற்றிலிருந்து பிரியும் விசைப்பலகையை அமைப்போருக்கு மூன்று நெறிகள் கிடைக்கின்றன. பகுதிகள் ஒரே வேலையை நோக்கி ஒன்றையொன்று வேண்டி நிற்குமாறு பிரிக்கப்பட வேண்டும். எந்தப் பகுதியும் எவர் கையிலும் நிலையான ஆதிக்கமாகாதவாறு மாற்றிக்கொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும். ஒவ்வொருவர் செயலும் அவருடையதாக அறியப்படுமாறு மென்பொருள் அமைய வேண்டும். இம்மூன்றும் இல்லாத பலகை எத்தனை துண்டுகளாகக் கழன்றாலும் பகிரப்பட்டதாகாது. பள்ளிகளுக்குக் கருவி வாங்குவோரும் அவற்றை வடிவமைப்போரும் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கணினி என்ற கணக்கோடு நின்றுவிடாமல், எத்தனை பிள்ளைகளின் கை அந்தக் கணினியில் உண்மையாகப் படுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.