திண்ணைத் தீர்ப்பு



ஹாக்கிப் பந்தயம் தொடங்கி நாலு ஆட்டம் ஆகுமுன்பே, பேர்பெற்ற ஒரு வீரனைப் பற்றி, “அவனுக்கு ஆட்டத்தில் மனமில்லை, பேருக்கு நிற்கிறான்” என்று திண்ணையிலிருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆட்டம் தாழ்ந்ததைக் கண் காணும். மனத்தைக் காண்பவர் யார்?

2021 ஜூலை 25-ல், டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் இரண்டாவது ஆட்டம். ஆஸ்திரேலியா 7–1 என்று வென்றது. நம் கோலைக் காத்தவர் கேரளத்து ஸ்ரீஜேஷ். அன்றே அவரை ஒதுக்கியிருந்தால்? ஆகஸ்டு 5-ல் ஜெர்மனிக்கெதிராக நாம் 5–4 என்று முந்தியிருக்க, கடைசி விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தவரும் அவரே. ஹாக்கியில் 41 வருஷத்துக்குப்பின் நமக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது.

முதல் முழம் நெய்ததைப் பார்த்து, தறியிலிருக்கும் சேலையைக் கழித்துப்போடுவாருண்டோ? முதல் பரீட்சையில் தவறிய மகனை “உருப்படமாட்டான்” என்னும் தகப்பனாரே, தொழில் பழகும் வாலிபனை “அக்கறையற்றவன்” என்னும் பெரியவரே, குறையைத் திருத்துங்கள். அது உங்கள் கடமை. மனத்தைத் தீர்ப்பிடுவதோ, இருதயங்களை அறிகிற ஆண்டவர் ஒருவருக்கே உரியது.