கை அறியுமா?

நம்முடைய தத்துவ சாஸ்திரங்கள் மனிதனுடைய கருவிகளைக் கணக்கெடுக்கும்போது, செவி, தோல், கண், நாக்கு, மூக்கு என்ற ஐந்தையும் ஞானேந்திரியங்கள் என்று ஒரு வரிசையிலும், வாக்கு, கால், கை முதலிய ஐந்தையும் கன்மேந்திரியங்கள் என்று மற்றொரு வரிசையிலும் நிறுத்தியிருக்கின்றன. சாங்கியர் வகுத்த இந்தப் பிரிவை 36 தத்துவங்களை எண்ணும் சைவ சித்தாந்திகளும் தங்கள் கணக்கில் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். இதன்படி பார்த்தால் கை செய்யும், ஆனால் அறியாது. இடுவதும் ஏற்பதும் அதன் தொழில். வெப்பத்தையும் தட்பத்தையும், வழுவழுப்பையும் சொரசொரப்பையும் அறிவதெல்லாம் கையின்மேல் போர்த்திருக்கும் தோலுக்கே உரியது. வளர்ந்த மனிதர்களைப் பொறுத்தவரையில் இது வசதியான பிரிவுதான். ஆனால், மூன்று வயதுக் குழந்தை ஒன்று பாலர் வகுப்பின் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்குவதையும், சரிந்ததை எடுத்து மறுபடி வைப்பதையும் பொறுமையாகப் பார்த்திருப்பவனுக்கு, அங்கே செய்கை எங்கே முடிகிறது, அறிவு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எளிதாக இராது. கருமத்தினால் ஞானம் பிறக்குமா என்று பாஷ்யகாரர்கள் பல நூற்றாண்டுகள் நடத்திய வழக்கை, அவர்கள் ஒருகாலும் எட்டிப் பார்த்திராத அந்த வகுப்பறையில் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த வகுப்பறையை உலகுக்கு அளித்த பிரீட்ரிக் பிரோபெல், ஜெர்மனியின் துரிங்கியக் காட்டுப் பிரதேசத்தில் 1782-இல் ஒரு லுத்தரன் பாதிரியாரின் மகனாகப் பிறந்து, ஒரு வயது நிறைவதற்குள் தாயை இழந்து, வாலிபத்தில் வனத்துறைத் தொழில் பழகி, பின்னர் ஸ்விட்சர்லாந்தில் பெஸ்டலாஜியிடம் சில காலம் இருந்து கல்விமுறை கற்று, பெர்லினில் தாதுப்பொருள் காட்சிசாலையில் படிகக் கற்களை வகைப்படுத்தும் உதவியாளராகவும் இருந்தவர். இந்தப் படிகங்கள்தாம் அவருடைய வாழ்வில் திருப்பம் உண்டாக்கின என்று சொல்லலாம். உயிரற்ற கல் ஒன்று தன்னுள்ளிருக்கும் ஒரு நியதிக்குக் கட்டுப்பட்டு, முகமும் முனையும் வகுத்துக்கொண்டு வளர்வதைக் கண்ட அவர், அதே நியதி செடியிலும் குழந்தையிலும் நின்று தொழிற்படுவதாகவும், அந்த நியதியின் ஏகத்துவமே ஈசுவரன் என்றும் முடிவு செய்தார். 1826-இல் வெளியான அவருடைய முக்கிய நூலின் தொடக்கமே இந்தப் பிரகடனந்தான். எனவே, 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு ஸ்தாபனம் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டபோது, அவர் மனத்தில் இருந்தது வெறும் பாலர் பராமரிப்பு அன்று. கைவழியாகக் கடவுளை அறிவிக்கும் ஒரு சாதனம்.

அவர் செய்வித்த விளையாட்டுப் பொருள்களுக்குக் கொடைகள் என்று பெயர். முதற்கொடை, நூலில் தொங்கும் ஆறு நிறக் கம்பளிப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டையும் கனசதுரமும், அவ்விரண்டின் இயல்பும் கலந்த உருளையும். மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். குழந்தை அந்த எட்டையும் கொண்டு நாற்காலி கட்டலாம், நட்சத்திரம்போல் கோலம் அமைக்கலாம், பாதியும் காலும் அரைக்காலும் காணலாம். ஆனால் ஒரு கட்டையையும் விட்டுவிடக் கூடாது, கட்டியதை இடித்துத் தள்ளாமல் ஒன்றை மற்றொன்றாக மாற்றியே செல்ல வேண்டும், ஆட்டம் முடிந்ததும் எட்டும் சேர்ந்து முழுமையாகிப் பெட்டிக்குள் திரும்பிவிட வேண்டும். ஒன்று பலவாகி மீண்டும் ஒன்றாவது என்னும் சிருஷ்டி லயத் தத்துவத்தை, கூரை வேயவும் தெரியாத வயதுக் குழந்தைக்கு ஒரு சிறு பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார் அந்த மனிதர்.

இவரைத்தான் பிரஷ்ய அரசாங்கம் நாஸ்திகர் என்று தீர்த்தது. 1851 ஆகஸ்டு மாதத்தில், மதம், கல்வி இரண்டுக்கும் பொறுப்பேற்றிருந்த மந்திரி ரௌமர், இந்தப் பாலர் பள்ளிகள் இளைஞரை நாஸ்திகத்தில் பழக்கும் ஒரு சமதர்ம ஏற்பாட்டின் பகுதி என்று கூறி அவற்றைத் தடை செய்தார். கார்ல் பிரோபெல் என்ற அண்ணன் மகன் எழுதிய தீவிரமான துண்டுப் பிரசுரம் ஒன்றைச் சிற்றப்பா தலையில் கட்டிவிட்டதனால் விளைந்த குழப்பம் இது என்பார்கள். பிரீட்ரிக் எழுதிய மறுப்புகளுக்குப் பயன் இல்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் காலமானார். தடை நீங்கியது 1860-இல். ஷ்வைனாவில் அவருடைய சமாதியின்மேல், கீழே கனசதுரம், நடுவே உருளை, மேலே உருண்டை என்று அந்த இரண்டாம் கொடையையே கல்லில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மந்திரி செய்தது மடமை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிரோபெலின் பக்கமும் ஒரு பலவீனம் உண்டு. பந்து பூரணத்துவத்தின் சின்னம் என்பது அவருக்குத் தெரியும். பந்துக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. சின்னத்தின் பொருளை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு; அப்படிச் சொல்லும் க்ஷணத்திலேயே கை காணும் காட்சிப் பிரமாணம் பின்தள்ளப்பட்டு, ஆசிரியரின் உரைப் பிரமாணம் முன்னே வந்து நின்றுவிடுகிறது. பின்னால் வந்த சிஷ்யர்கள் சிலருடைய வகுப்புகளில், ஆசிரியை ஆணையிட, வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் ஒரே சமயத்தில் ஒரே கட்டையை எடுத்து ஒரே இடத்தில் வைக்கும் சிப்பாய்ப் பயிற்சியாக அது சீரழிந்ததும் இந்தப் பலவீனத்தின் விளைவே. அங்கே கைகள் ஆடின, அவ்வளவுதான்.

1907-இல் ரோமாபுரியில் சான் லோரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, சின்னங்களை அகற்றிவிட்டுப் பொருளின் எதிர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் கருவிகளுள் ஒன்றை இங்கே சற்று விரிவாகக் கவனிக்க வேண்டும். நீண்ட மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் சரியாகப் பொருந்தும் குமிழ் வைத்த உருளைகள் பத்து. குழந்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கலந்து, பிறகு அதனதன் இடத்தில் பொருத்த வேண்டும். மெல்லிய உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் அது உள்ளே போய்விடும், அப்போதைக்குக் குற்றம் ஏதும் தெரியாது. கடைசியில் ஒரு தடித்த உருளை கையில் மிஞ்சி, அதற்கு இடந்தராத சிறு குழி ஒன்று எதிரே நிற்கும்போதுதான் தெரியும். பிழை என்று ஆசிரியை சொல்லவில்லை, அவள் முகம் சுளிக்கவும் இல்லை, கட்டை சொன்னது. கட்டைக்குக் குழந்தையின்மேல் அன்பும் இல்லை, கோபமும் இல்லை, முகதாட்சணியமும் இல்லை.

இந்த இடத்தில்தான் சங்கரரின் ஆட்சேபம் குறுக்கிடுகிறது. கருமம் என்பது செய்பவனைச் சார்ந்தது, அவன் செய்யலாம், செய்யாமல் விடலாம், வேறு விதமாகவும் செய்யலாம். ஞானமோ வஸ்துவைச் சார்ந்தது, வஸ்து எப்படி இருக்கிறதோ அப்படித்தான் ஞானம் இருக்க முடியும், அதில் அறிபவனின் இஷ்டத்துக்கு இடமில்லை. ஆகவே கருமம் சித்தத்தைச் சுத்தி செய்யுமேயன்றி ஞானத்தைப் பிறப்பிக்காது என்பது அவருடைய சூத்திர பாஷ்யத்தின் நிலை. இதற்கு நேரான பதில் சொல்ல நான் துணியவில்லை. அவர் பேசியது பிரம்ம ஞானத்தைப் பற்றி, நாம் பேசுவதோ பத்து மர உருளைகளைப் பற்றி. ஆனாலும் அவர் வகுத்த அளவுகோலையே எடுத்துக்கொண்டு அந்தக் குழந்தையைப் பார்ப்போமாகில், ஒரு விசித்திரம் தென்படுகிறது. உருளையை எந்தக் குழியிலும் வைக்கலாம் என்ற இஷ்டத்தோடு தொடங்கியது அதன் செய்கை. அந்தமட்டில் அது கருமந்தான். ஆனால் அடியடியாக அந்த இஷ்டம் பொருளின் இயல்பினால் குறுக்கப்பட்டு, ஒவ்வோர் உருளைக்கும் ஒரே இடந்தான் என்ற நிலை வந்தபோது, செய்பவனைச் சார்ந்ததாக இருந்தது வஸ்துவைச் சார்ந்ததாக மாறிவிட்டது. நடுவில் எந்த உபதேசமும் நிகழவில்லை. கருமமே கரைந்து அறிவாகி நின்றது.

மாண்டிசோரி தாமே பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இந்த உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அவள் கவனத்தைக் கலைக்க மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார்கள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, யாரும் தடுக்காமலே நிறுத்தி, நல்ல தூக்கத்திலிருந்து விழித்தவளைப்போல் மலர்ந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாளாம். முதல் தடவையிலேயே உருளைகள் பொருந்திவிட்டன என்றால் மற்றத் தடவைகள் எதற்காக? பரிசு இல்லை, பாராட்டு இல்லை, கட்டி முடித்த வீடு என்று காட்டவும் ஒன்றும் இல்லை. பலனைக் கருதாமல் செய்யப்படும் கருமத்தைப் பற்றி நாம் எத்தனையோ காலக்ஷேபங்கள் கேட்டிருக்கிறோம். அதற்கு உதாரணம் தேடி ஜனகர் வரைக்கும் போகிறவர்கள், இந்தச் சிறுமியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் ஜனகருக்குக் குறைவு நேராது.

மாண்டிசோரி அம்மையார் 1939-இன் இறுதியில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில் சென்னைக்கு வந்தார். அவர் இங்கே இருந்த காலத்திலேயே இத்தாலி யுத்தத்தில் இறங்கியதனால், அவருடைய மகன் சிறைவைக்கப்பட்டுச் சில மாதங்களில் விடுவிக்கப்பட்டார்; தாயார் எல்லை கட்டிய வாழ்வில் அடையாற்றிலும் பிறகு கொடைக்கானலிலும் இருந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். குழந்தை மனத்தைப் பற்றிய அவருடைய பெயர்பெற்ற நூல் 1949-இல் அடையாற்றிலிருந்தே வெளியாயிற்று. கத்தோலிக்கரான அவர் பிரம்மஞானிகளின் விருந்தாளியாக இருந்தது பற்றி இரு தரப்பிலும் முணுமுணுப்பு உண்டு. அது நமக்கு வேண்டாத விஷயம். நமக்கு வேண்டியது, அவருடைய வகுப்பில் உருளைகளுக்கும் முன்னதாகவே இடம்பெறும் நித்திய வாழ்க்கைப் பயிற்சிகள்: பெருக்குதல், துடைத்தல், சிந்தாமல் தண்ணீர் ஊற்றுதல், பூக்களைச் சாடியில் அமைத்தல்.

இந்த ஜாபிதாவைப் படிக்கும் சைவனுக்குத் திடுக்கிடாமல் இருக்க முடியாது. திருக்கோயிலில் அலகிடுதல், மெழுகுதல், பூக்கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடுதல் என்று சரியைத் தொண்டை நம் நூல்கள் வகுத்திருப்பதும் ஏறக்குறைய இதே ஜாபிதாதான். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நாற்பாதங்களில் கையால் செய்வது முதற்படியாக இருக்கிறது. அதைத் தாழ்ந்த படி என்று நினைத்துவிடாதபடி, உழவாரப் படையைத் தோளில் சுமந்து திருமுற்றங்களில் புல் செதுக்கிய திருநாவுக்கரசரை அதற்கு ஆசாரியராகவும் வைத்திருக்கிறோம். பார்சலோனாவில் மாண்டிசோரி முறையில் சமயம் கற்ற குழந்தைகள், பூசையில் பயன்படும் அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் தாங்களே கோதுமை விதைத்துக் கொடி வளர்த்த செய்தி ஒன்று உண்டு. நந்தவனம் வைத்துப் பூவெடுத்துச் சாத்தும் அடியவரிடம் இதைச் சொன்னால் அவர் வியப்படைவாரோ, ‘வேறெப்படிக் கற்பிப்பார்கள்?’ என்று கேட்பாரோ!

எழுத்துப் பயிற்சியிலும் நமக்குப் பழைய உறவு இருக்கிறது. மாண்டிசோரி எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, குழந்தையின் விரல் அவற்றின்மேல் சொரசொரவென்று ஓடும்படி செய்தார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, வாயால் உச்சரித்துக்கொண்டே விரலால் எழுதினார்கள். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணலெழுத்தைக் கண்டு, தம் பிள்ளைகளுக்கும் அதை ஏற்படுத்தி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட, இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிலும் மணல் தட்டுகள் தோன்றின. இதை நம் பெருமையாகப் பேசிக்கொள்வோர் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அந்தத் திண்ணையில் பிரம்பும் இருந்தது. மணல், பிழையைத் தானாகக் காட்டாது. வாத்தியார்தான் காட்ட வேண்டும். விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கும்போதும், எழுதுவது பெரியவருடைய கையே. குழந்தையின் விரல் அங்கே எழுத்தாணி. சடங்குக்கு அது போதும், பொருத்தமுங்கூட. ஏனென்றால் சடங்கில் பிரதிநிதித்துவம் சாஸ்திர சம்மதமானது.

மீமாம்சகர்கள் இதைத் தெளிவாகவே நிர்ணயித்திருக்கிறார்கள். யாகத்தில் ஆஹுதி இடுபவர்கள் ருத்விக்குகள். தட்சிணை பெற்றதோடு அவர்கள் உரிமை தீர்ந்தது. பலன் எஜமானனைச் சேரும். பிறருடைய கையால் செய்வித்தாலும் கருமத்தின் பலன் உரியவனை வந்தடையும் என்பது கருமத்தின் இலக்கணங்களுள் ஒன்று. ஞானத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. எனக்காக இன்னொருவர் அறிந்துகொள்ள முடியாது. இந்தச் சோதனையில் வைத்துப் பார்த்தால், பாலர் வகுப்பில் நடப்பது எந்தப் பக்கம் சேரும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. கட்டையைத் தூக்கியதும் வைத்ததும் கன்மேந்திரியமாக இருக்கட்டும். ஆனால் அந்தச் செய்கையை மற்றொருவர் செய்து பலனைக் குழந்தைக்குக் கொடுக்க இயலாது என்பதனால், அது ஞானத்தின் பக்கத்தைச் சேர்ந்ததே. எல்.கே.ஜி. வகுப்பின் பொருட்காட்சிக்காக இரவு பத்து மணிக்குமேல் தெர்மோகோலை அறுத்து வீடு கட்டி, பஞ்சினால் மேகமும் ஒட்டி, காலையில் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்பும் தாய்தந்தையர் இந்த வழக்கை எஜமானன் கட்சிக்குச் சாதகமாகத் தீர்த்துவிட்டார்கள் போலும். அவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டிக்கொடுக்கும் ஆசிரியையும் ருத்விக்குகளுக்குத் தட்சிணை கொடுத்தனுப்பிவிட்ட திருப்தியோடு அடுத்த மேஜைக்குப் போகிறாள்.