எடையற்ற நொடி மெய்யா, மயக்கமா?

ரோலர் கோஸ்டர் ஒரு மேட்டின் உச்சியைக் கடக்கும்போது பயணியின் உடல் இருக்கையை விட்டு எழும்புகிறது. வடிவமைப்பாளர்கள் இதை ஏர்டைம் என்பார்கள். வண்டியின் வேகமும் உச்சியின் வளைவும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கு, உச்சியின் வளைவு ஆரம் சுமார் 41 மீட்டராக இருந்தால், இருக்கை உடலைத் தாங்கவே வேண்டியதில்லை. ஆரம் அதைவிடக் குறைந்தால் தொடைமேல் கிடக்கும் பூட்டுக்கம்பிதான் ஆளைக் கீழே இழுத்துப் பிடிக்கும்.

அந்த நொடியிலும் பூமியின் ஈர்ப்பு குறைவதில்லை. ஆனாலும் பயணி எடையற்றுப் போனதாக உணர்கிறார். அப்படியென்றால் அந்த உணர்வு பொய்யா?

தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள இந்த வழக்கு இந்தியத் தத்துவத்தில் பழையது. கயிற்றில் தெரியும் பாம்பை உள்ளது என்றும் சொல்ல முடியாது, இல்லாதது என்றும் சொல்ல முடியாது என்றது அத்வைதம். அதை மறுத்த ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஆண்டு, மரபுப்படி 1017. எந்த அறிவும் உள்ள பொருளையே பற்றுகிறது என்பது தம் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் எடுக்கும் நிலை. சிப்பி வெள்ளியாகத் தெரிந்தால், வெள்ளியின் கூறு சிறிதளவு சிப்பியிலும் இருக்கிறது. கூடுதலாக உள்ள சிப்பிக்கூறு கண்ணில் படாததுதான் பிழை. காமாலைக்காரருக்குச் சங்கு மஞ்சளாகத் தெரிவது, கண்ணிலுள்ள பித்தம் சங்கின்மேல் படிவதால் என்கிறார். இன்றைய மருத்துவம் இந்த விளக்கத்தை ஏற்காது. ஆனால் வாதத்தின் உயிர் பித்தத்தில் இல்லை. புலன் இல்லாததை உண்டாக்குவதில்லை, உள்ளதைக் குறையாகக் காண்கிறது என்பதே அதன் மையம்.

ஏர்டைமுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்துகிறது. உட்செவியில் ஒரு மென்படலத்தின் மேல் சுண்ணாம்புப் படிகங்கள் படிந்திருக்கின்றன. ஈர்ப்பைத் தனியாகப் பிரித்தறிய அவற்றால் இயலாது. உடலைத் தாங்கும் விசையைத்தான் அவை உணர்கின்றன. கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானியும் இதே வகை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் பொருத்தப்படும் ஒரு பேசியை மேசைமேல் வைத்தால் அது 9.8 என்று காட்டும். மெத்தைமேல் விழவிட்டால், மெத்தையைத் தொடும் வரை ஏறக்குறைய சுழியம் காட்டும். கருவிக்கு மயக்கம் ஏது? தாங்கும் விசை மறைந்தது, அதை அது சரியாகவே சொல்கிறது. விழுகிறவன் தன் எடையை உணரமாட்டான் என்று 1907இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றிய எண்ணமே பின்னாளில் பொதுச் சார்பியலுக்கு வித்தானது.

ஆக, சென்னையை அடுத்த குயின்ஸ்லாந்து போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் கோஸ்டர் ஏறுகிறவர் ‘எடை போய்விட்டது’ என்றால் உண்மையைத்தான் சொல்கிறார். ‘ஈர்ப்பு போய்விட்டது’ என்றால்தான் பிழை. அந்தப் பிழையைச் செய்வது செவியல்ல, செவி சொன்னதற்குப் பொருள் கொள்ளும் புத்தி.

ஒரு மறுப்பு எழலாம். ஓரிரு நொடியில் எடை திரும்பிவிடுகிறதே, நிலைக்காதது எப்படி மெய்யாகும்? ராமானுஜரிடம் இதற்கும் விடை உண்டு. ஒன்று இல்லாமல் போவது வேறு, அது பொய்யென நிரூபணமாவது வேறு. இன்று உடைந்த குடம் நேற்று இருந்தது பொய்யாகாது. இந்த இடத்தில் அவர் பக்கமே வலுவானது. அத்வைதியும் உலக வழக்கின் அளவில் எடை, எடையின்மை இரண்டையும் ஏற்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரையும் அசையும் நாற்காலியும் கொண்ட சிமுலேட்டர்கள் கடினமான வழக்கு. நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, வண்டி முன்னே பாய்வதாக நம்பவைக்கிறார்கள். முதுகில் படும் அழுத்தம் அங்கேயும் மெய்தான். அதன் காரணத்தைத்தான் படம் மாற்றிச் சொல்கிறது. ஏர்டைமில் இந்த உத்தி செல்லாது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் நாற்காலி உடலைத் தாங்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஏர்டைம் வேண்டுமென்றால் பூங்காக்காரர்கள் இன்றும் தண்டவாளத்தைத்தான் உயர்த்திக் கட்டுகிறார்கள்.