பாம்பைக் கொல்லும் பறவை பாவம் செய்கிறதா?

"வலியது மெலியதைத் தின்னும், அதுதானே உலக நியதி" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வியாபாரத்தில் அயலவனை நசுக்கியவனும், காணி வழக்கில் உடன்பிறந்தவனைத் தெருவில் விட்டவனும் இந்த வார்த்தைக்குள்தான் ஒளிந்துகொள்கிறார்கள். அன்பார்ந்த வாசகர்களே, அந்த நியதியைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

ஆபிரிக்கப் புல்வெளிகளில் செக்ரெட்டரிப் பறவை என்றொன்று உண்டு. கழுகுக்கு உறவான இனம். ஏறக்குறைய நான்கடி உயரம். கொக்கைப் போன்ற நீண்ட கால்கள். நடந்தே இரை தேடும். நச்சுப் பாம்பைக் கண்டால் சிறகை விரித்து, தலையைக் குறிபார்த்து உதைக்கும். இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட இத்தகைய பறவையொன்றின் உதையை அளந்து, 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உதையின் விசை அதன் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு. கால் இரையைத் தொட்டு நின்ற நேரமோ ஒரு செக்கனின் ஆயிரத்தில் 15 பங்கு மட்டுமே. அதற்குமேல் சுணங்கினால் பாம்பு கொத்திவிடும்.

நமது இலங்கைக் காடுகளிலும் கொண்டைப் பாம்புக் கழுகு உண்டு. மரக்கிளையில் காத்திருந்து, இறங்கிப் பாம்பைப் பற்றும். காலிலுள்ள தடித்த செதில்களே அதற்குக் கவசம். கடி சதையில் இறங்கினால் அதற்கும் ஆபத்துத்தான்.

இப்படிக் கொன்று தின்னும் உயிர்களை நல்லவரான இறைவன் ஏன் படைத்தார்? மனிதன் பாவம் செய்த பிறகுதான் விலங்குகள் கொடியவையாயின என்று சிலர் எண்ணினர். 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினாஸ் தோமையார் அதை ஏற்கவில்லை. மனிதனின் பாவம் விலங்கின் இயல்பை மாற்றவில்லை. சிங்கமும் வல்லூறும் முன்பு புல்லைத் தின்று வாழ்ந்தவை அல்ல என்றார். ஆகவே பறவையின் வேட்டை பாவமன்று. அது தன் பசிக்கும் குஞ்சின் பசிக்குமாக வேட்டையாடுகிறது. வேறுவிதமாக வாழும் வழி அதற்கு இல்லை.

நமக்கோ அந்த வழி உண்டு. பகுத்தறிவும் சுயாதீனமும் நமக்குத் தரப்பட்டுள்ளன. ஆபேலின் இரத்தத்துக்காகக் காயினிடம் கணக்குக் கேட்ட இறைவன், பாம்பின் இரத்தத்துக்காகக் கழுகிடம் கணக்குக் கேட்பதில்லை. பறவையின் நியதியைத் தன் நியதியாக்குபவன் இயற்கையைப் பின்பற்றவில்லை; தனக்கு அருளப்பட்ட இயல்பையே கைவிடுகிறான்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பறவைக்குப் பாம்பின்மேல் பகையில்லை. வயிறு நிறைந்தபின்னும் பத்து ஆண்டு, இருபது ஆண்டு வன்மத்தைச் சுமந்து திரிவது மனிதன் மட்டுமே. இன்று இரவு குடும்ப செபத்துக்கு முழந்தாளிடுமுன், நாம் யாரோடு பேசாமல் இருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.