போகாத ஊருக்குத் திரும்பும் வழி

1914இல் தலைமன்னார் இறங்குதுறைவரை ரயில் பாதை வந்து சேர்ந்ததும், கொழும்பில் கோச்சி ஏறியவர் தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில் என்று மாறிச் சென்னைக்குப் போய்ச் சேரலாம் என்றானது. அரை நூற்றாண்டு கழித்து அதே பாதையின் தலையில் வேறொரு வேலை விழுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிவிட்ட மலையகத் தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் அனுப்பப்படும் நாள்வரையோ 55 வயதுவரையோ, எது முந்துகிறதோ அதுவரை, வேலையில் இருக்கலாம் என்று அதில் ஒரு விதி உண்டு. தோட்டத்தில் கணக்கு முடித்த வயதான கணவனும் மனைவியும் வாழ்நாளில் செய்த மிக நீண்ட ரயில் பயணம் அப்படி அமைந்ததுதான். நானுஓயாவில் ஏறினால் கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல். தேயிலைச் சரிவுகளையும் சுரங்கங்களையும் விட்டிறங்கி, பொல்கஹவெலையில் வடக்கே திரும்பி, அநுராதபுரம், மதவாச்சி தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து, முருங்கனில் வயல்வெளி கண்டு, கடலைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் பனைகளுக்கும் மணலுக்கும் நடுவே போய் நிற்கும். இன்று இந்த வழியைப் பார்த்து ரசிக்கவென்றே பலர் வருகிறார்கள். மலையகத்தார் அன்று அதற்கு வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

அரசுத் தாள்களில் இவர்கள் தாயகம் திரும்புவோர். லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறையில், பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, பெற்றோரைத் தேயிலை மலையிலேயே புதைத்துவிட்டு வந்த ஒருவர், கண்ணால் காணாத ஒரு மாவட்டத்துக்குத் திரும்புகிறார் என்று எந்த நியாயத்தில் சொன்னார்கள்? மனிதனின் ஊர் அவன் முன்னோர் புறப்பட்ட இடம், வாழ்ந்த வாழ்வு அதை மாற்றாது என்ற நம்பிக்கையின் பேரில்தான். ஒப்பந்தம் காலாவதியாகி வெகுகாலம் ஆகியும் இந்த நம்பிக்கை சாகவில்லை. அது தவறு என்பதே என் கட்சி. அதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். அந்தக் கோச்சி கடந்துபோன மன்னார்ப் பகுதியிலேயே இரண்டு கோயில்கள் இருக்கின்றன.

மாந்தையில் இருக்கும் திருக்கேதீச்சரம் முதலில் என் கட்சிக்கு எதிராகவே நிற்பதுபோல் தோன்றும். போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயில் அது. 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீட்க அழைப்பு விடுத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிலம் வாங்கப்பட்டு, தோண்டியபோது பழைய லிங்கமும் கிடைத்தது. வேறெங்கோ ஒரு கோயில் கட்டிக்கொள்ளலாம் என்று சைவர்கள் நினைக்கவில்லை. அதே மண்தான் வேண்டும், அதே பாலாவித் தீர்த்தம்தான் வேண்டும் என்றார்கள். சம்பந்தரும் சுந்தரரும் ஈழத்துக்கு வராமல், இராமேசுவரக் கரையில் நின்றே இத்தலத்தைப் பாடினார்கள் என்பது மரபு. அப்படியானால் காணாத ஊரோடும் உயிருக்கு உறவு உண்டு என்றுதானே ஆகிறது என்று கேட்கலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாடியவர்கள் நின்ற கரையிலேயே நின்றுதான் பாடினார்கள். காணாத தலத்தின்மேல் அன்பு வைக்கலாம், தினமும் அதன் திசை நோக்கிக் கும்பிடலாம்; அந்த அன்பைக் காட்டி ஒருவரை இருந்த இடத்திலிருந்து கிளப்ப யாருக்கும் உரிமை வந்துவிடாது. கங்கையைக் கும்பிடும் தமிழனைக் காசியில் குடியேற்ற எந்த அரசும் கிளம்பியதில்லை.

மற்றொன்றான மடு மாதா கோயில் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 வாக்கில், மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சொரூபத்தைச் சில குடும்பத்தார் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனார்கள். காடு அடைக்கலமாயிற்று. பிறகு ஆவணித் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கர் அல்லாதவரும் வந்து கூடுகிற பெருந்தலமாயிற்று. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் கொண்டுவந்தார்கள். எங்கே கொண்டுவந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதன்முதலில் புறப்பட்ட இடமான மாந்தைக்கு அல்ல, மடுவுக்கு. முந்நூறு ஆண்டுகளாக மக்கள் அழுததும் நேர்ந்ததும் நோயாளியைச் சுமந்துவந்ததும் மடுவில். தோற்றம் ஓரிடம், வீடு ஓரிடம் என்பதில் பக்தர்களுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் அந்த மக்கள்தானே? ஊருக்குப் போக வேண்டும் என்று அவர்களே சொல்லவில்லையா? பலர் சொன்னார்கள். ஊர்ப் பெயரையும் குலதெய்வத்தையும் தலைமுறை தலைமுறையாக மறக்காமல் வைத்திருந்தார்கள். ஆனால் வாக்குரிமை பறிபோய், இங்கே உனக்கு இடமில்லை என்று பதினாறு ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தவர் கையெழுத்துப் போட்டதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. போன இடத்தில் கிடைத்த வரவேற்பும் சாட்சி சொல்கிறது. இலங்கையில் இந்தியத் தமிழராக இருந்தவர் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் கடந்து, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் சிலோன்காரர் ஆனார். அவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் கொழுந்து பறித்து, காலப்போக்கில் அந்த மலையை ஊராக்கிக்கொண்டார்கள். அது உண்மை, ஆனால் உழைத்து உண்டாக்கிய ஊர், காத்திருந்து கிடைத்த ஊர் அல்ல. மாதா மடுவில் குடிகொண்டதைப்போல அதுவும் புதிதாக நேர்ந்த ஒன்று.

இன்னொரு மறுப்பு சமயத்திலிருந்தே எழும். யாதும் நிலையில்லை, இவ்வுலகில் நாமெல்லாம் வழிப்போக்கர் என்றுதானே சைவமும் பௌத்தமும் கிறிஸ்தவமும் போதிக்கின்றன; பிறகு ஒரு காம்பிராவுக்காக ஏன் இத்தனை துக்கம்? பட்டினத்தார் துறந்தார், பெருஞ்செல்வத்தை. தன்னுடையது என்று இருந்ததால், தானே விட்டதால், அது துறவு. பிறர் பிடுங்கிக்கொண்டதைத் துறவென்று சொல்வது, பறிகொடுத்தவருக்கு இன்னொரு அநியாயம். நிலையாமையை உபதேசிக்க உரிமை உள்ளவர் பறிகொடுத்தவர் ஒருவரே, பறித்தவர் அல்ல.

என் வாதம் இடறும் இடத்தையும் சொல்ல வேண்டும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்களும் படகேறிப் புத்தளத்தின் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். போர் முடிந்தபின் மீண்ட முதியவர்கள் உண்மையாகவே திரும்பினார்கள். கிணறும் பள்ளிவாசலும் அவர்களுக்குத் தெரியும். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ? வாழ்வே ஊரை உண்டாக்குகிறது என்றால், காலம் கடத்தி விரட்டியவன் வென்றுவிடுவானே. அதனால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்: பறிக்கப்பட்ட ஊர்மேல் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு, அதை ஏற்பதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். உரிமை என்பது போகலாம் என்ற திறந்த கதவு. ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

1990இல் போரால் நின்ற தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் மறுபடி திறந்தது. பழைய கப்பல் திரும்பவில்லை. 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை ஒரு நடைபயணம் நடந்தது. முதல் தலைமுறை கரையிறங்கி, காட்டு வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்து நடந்த அதே திசையில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு. நடைபயணம் போனவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது, லயம் நிற்கிற மலையில் தங்கள் பேருக்குக் காணியும் வீடும்.