கரண்டு வைத்த கழுத்தும் பழவினையும்

சிறு வயதில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றுப் பிழைத்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தைராய்டு சுரப்பி பழுதாவது மருத்துவம் நன்கறிந்த பின்விளைவு. ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுக்குக் கதிர் பெரும்பாலும் நேராகக் கழுத்திலேயே வைக்கப்படுகிறது. மூளைக் கட்டிக்காகத் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் வைக்கும்போது ஊடுருவி வருவது சுரப்பியில் விழுகிறது. புளியந்தோப்பிலும் அதைச் சுற்றிய வடசென்னையிலும் இதைக் ‘கரண்டு வைப்பது’ என்பார்கள். கடைசிக் கரண்டோடு கதை முடிந்தது என்றுதான் வீட்டார் நினைக்கிறார்கள். ஆனால் தைராய்டு செல்கள் நிதானமாகப் பெருகுபவை. அடிபட்டது வெளியே தெரிய ஐந்தாண்டும் ஆகலாம், இருபதாண்டும் ஆகலாம். அசதி, உடம்பு ஊதுவது, மாதவிலக்குத் தவறுவது, குளிர் தாங்காமை எல்லாம் வேறு எதற்கோ வந்தவை போலவே வரும்.

கழுத்தில் 45 கிரேயோ (கிரே என்பது உடல் ஏற்கும் கதிரின் அலகு) அதற்கு மேலோ கதிர் பெற்ற ஹாட்ஜ்கின் நோயாளிகளில் இருபது ஆண்டுக்குள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சுரப்பு குறைந்துவிடுவதை 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சுரப்பியிலேயே புற்றுநோய் வரும் அபாயம் வேறு கணக்கு. அது 20 கிரே அளவு வரை ஏறி, 30-க்கு மேல் இறங்குகிறது. அவ்வளவு கதிரில் செல்கள் கெடுவதற்குப் பதில் செத்தே போகின்றன. பத்து வயதுக்குள் கதிர் பெற்றவர்களுக்கும் பெண்களுக்கும் ஆபத்து கூடுதல்.

இந்த இரண்டாம் நோய் வந்ததும் வீட்டில் எழும் கேள்வி மருத்துவக் கேள்வி அல்ல. ஒருமுறை பட்டது போதாதா, எந்த ஜென்மத்துப் பாவம் இது என்பதே அது. முதல் நோய்க்குக் காரணம் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அங்கே விதியைக் கொண்டுவந்து வைப்பதைப் புரிந்துகொள்ளலாம். இரண்டாவதற்கோ காரணம் தெரியும், அளவு தெரியும், தேதிகூடத் தெரியும். தெரிந்த காரணத்தின் இடத்திலும் பழவினையை உட்காரவைப்பது சரியா என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நடந்துபோகும் தொலைவுக்குள் இருக்கும் புளியந்தோப்பில் இதற்கு ஒரே பதில் இருக்க முடியாது. இருந்தும் பதில்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக்கி, இப்போது அனுபவிப்பது பிராரத்தம் என்கிறது. அதை வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதை அதே மரபு ஏற்கவில்லை. கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தபோது ஞானசம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகத்தைப் பெரியபுராணம் சொல்கிறது. வினையென்று பேசத் தெரிந்தவர்கள் அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமலிருப்பதையே பதிகம் குறையாகக் காண்கிறது. கொள்ளைநோய் பரவிய சிரியாவுக்குள் நுழையாமல் கலீஃபா உமர் திரும்பியபோது, இறைவன் விதித்ததிலிருந்து ஓடுகிறீரா என்று கேட்டார்கள். விதித்த ஒன்றிலிருந்து விதித்த இன்னொன்றுக்குப் போகிறேன் என்ற கருத்தில் அவர் விடை சொன்னார். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம், இவனா பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்க, இருவருமில்லை என்கிறார் இயேசு. பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் நோய்க்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் கேட்டுப் பழகிய பகுதிதான்.

இவற்றையெல்லாம்விடத் தெளிவாகப் பேசுவது பௌத்தம். அதுவும் இந்த வட்டாரத்துக்கு அந்நியமல்ல. அறிவியல் பேராசிரியரான லட்சுமி நரசு தலைமையேற்ற தென்னிந்திய பௌத்த சங்கம் பெரம்பூரில் இயங்கியது. பாலி மொழிச் சீவக சூத்திரத்தில், மனிதன் படுவதெல்லாம் முன்வினைப் பயனா என்று மோலிய சீவகன் கேட்கிறான். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்தது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எட்டில் ஒன்றை எட்டாக ஆக்குகிறவர்கள், தாமே அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. கதிர்வீச்சுக்குப் பின் வரும் தைராய்டு நோய்க்கு இந்தப் பட்டியலில் இடம் தேடினால், வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்ற ஏழாவதே பொருந்துகிறது.

தாக்குதல் என்றால் தாக்கியவர் குற்றவாளியா? இங்கே இரண்டு வரலாறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, குடியேறி வந்த குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்குக் கதிர் வைத்தார்கள். சுரப்பியில் விழுந்தது ஒரு கிரேயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதற்கே பின்னாளில் தைராய்டு புற்று கூடியது. கதிர் வைத்த படர்தாமரையோ உயிருக்கு ஆபத்தில்லாத நோய். 1994-இல் அரசு இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது நியாயமே. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வேறு வழக்கு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு 1957-இல் கதிர் வைக்கும் கோபால்ட் கருவி வந்தது. 1980-களில் அடையாறு மருத்துவமனையும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் கையாண்ட எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையில், ரத்தப் புற்றுக் குழந்தைகளின் தலைக்கும் கதிர் வைக்கப்பட்டது. அதற்குமுன் பெரும்பாலோர் இறந்த நோய் அது. இந்த முறைக்குப் பின் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தார்கள். இதில் ஒப்பிட வேண்டியது நோயே வராத குழந்தையோடு அல்ல, இறந்துபோயிருக்கக்கூடிய குழந்தையோடு. ஆகவே இது தீங்குதான், அநீதி அல்ல.

அநீதி இல்லை என்பதால் கடமையும் இல்லை என்றாகாது. உயிரோடு இருக்கிறாயே, அது போதாதா என்ற பேச்சு பிழைத்தவரின் வாயை அடைத்துவிடுகிறது. முறையிட்டால் நன்றி கெட்டவர் ஆகிவிடுகிறார். வள்ளுவர் நன்றியை வற்புறுத்துகிறவர்தான். ஆனால் மருந்து அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து என்பதோடு கூட இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்காக்குகிறார். அந்த நான்காமவர் எப்போது விடைபெற வேண்டும் என்பதற்குக் கெடு ஏதும் இல்லை. சிகிச்சை முடிந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்க டாடா மருத்துவமனை 1991-இல் தனிப் பிரிவு தொடங்கியது இந்தப் பொருளில் சரியான செயல்.

செய்ய வேண்டியது பெரிதல்ல: ஆண்டுக்கொரு முறை கழுத்தைத் தடவிப் பார்ப்பது, ரத்தத்தில் டி.எஸ்.எச்., டி4 இரண்டையும் சோதிப்பது. தலைக்கு அதிகக் கதிர் வைத்தவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது. அதைச் சுரக்கும் பிட்யூட்டரியே அடிபட்டிருக்கலாம். இதற்கெல்லாம் எந்த இடத்தில், எத்தனை கிரே என்று எழுதிய மருத்துவமனைச் சுருக்கம் கையில் வேண்டும். புளியந்தோப்பில் அது பீரோ அடித்தட்டில் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயல் மழையும் புகுந்த தரைத்தள வீடுகளில் ரேஷன் அட்டையோடு இப்படிப்பட்ட தாள்களும்தான் நனைந்தன. பெரும்பாக்கம் மறுகுடியேற்றக் குடியிருப்புக்கு வீடு மாற்றப்பட்டவர்களுக்கு மருத்துவமனை பழைய முகவரிக்குக் கடிதம் போட்டுப் பயனில்லை. காரணம் எழுதிய தாள் போனபின் விதியைத் தவிர வேறு விளக்கம் கைவசம் இருப்பதில்லை.

சுரப்பு குறைந்தால் தைராக்சின் மாத்திரை, பெரும்பாலும் ஆயுள் முழுக்க. வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பதால் ரமலான் நோன்பு மாதத்தில் தயக்கம் எழுகிறது. விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு அரைமணி முன்போ, நோன்பு திறக்கும் இஃப்தார் சாப்பாட்டுக்கு மூன்று நான்கு மணி கழித்துப் படுக்கும்போதோ போட்டுக்கொண்டால் நோன்பும் முறியாது, மருந்தும் வீணாகாது.

கடினமானது கல்யாணப் பேச்சு. பெண்ணுக்குச் சின்ன வயதில் கேன்சர் இருந்ததைச் சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று மறைக்கிறார்கள். தீமை விளையாத சொல்லே வாய்மை என்ற குறளின் அளவுகோலைச் சிலர் இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் மறைத்த கதையோடு மாத்திரையும் மறைக்கப்படுகிறது. கருவின் சொந்தத் தைராய்டு வேலை தொடங்கும்வரை, முதல் மூன்று மாதம், அதன் மூளை வளர்ச்சி தாயின் சுரப்பை நம்பியே நடக்கிறது. அந்தக் காலத்தில் தாய்க்கு மாத்திரை அளவைக் கூட்டவும் வேண்டியிருக்கும். தீமை விளையாத பொய் என்று இதைச் சொல்ல முடியாது.